யூதத் தெருவில் ஒரு முஸ்லிம்

“யூதன் வீட்டில் முஸ்லிமுக்கு என்ன வேலை?” நம்மவர் சிலர் இக்கேள்வியை எழுப்பிவிட்டு, விடைக்குக் காத்திராமல் எழுந்து போய்விடுகின்றனர். கேள்வியே தீர்ப்பு என்பது அவர்கள் நினைப்பு. விடையொன்று உண்டு, அது கொச்சியில், மட்டாஞ்சேரியில் இருக்கிறது.

1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தின் அருகே ஒரு தெரு. அத்தெருவில் சாரா கோஹன் என்னும் யூத மூதாட்டி தையற்கடை நடத்திவந்தார். சபாத்துடைய ரொட்டியை மூடும் பூவேலைத் துணிகளும், தொழும்போது ஆண்கள் தலையில் வைக்கும் சிறு தொப்பிகளும் அங்கே விற்பனையாகும். அத்தெருவில் அஞ்சலட்டை விற்றுத் திரிந்த முஸ்லிம் சிறுவன் ஒருவன், தன் சரக்கை வைக்க இடமின்றித் தவித்தபோது, சாராவின் கணவர் தம் வீட்டிலேயே இடங்கொடுத்தார். சிறுவன் வளர்ந்தான், மூதாட்டியிடம் தையல் கற்றான், கணவர் மறைந்த பின், பிள்ளைப்பேறற்ற அந்த அம்மைக்குத் துணையாகிக் கடையையும் பார்த்துக்கொண்டான். 2019 ஆகஸ்டில் தம் 96ஆம் வயதில் அவர் கண்மூடும் வரை அந்தத் துணை நீங்கவில்லை. யூதனின் தொழுகைத் தொப்பியை முஸ்லிமின் கை தைத்தது. அதில் இவனுக்குப் பிழைப்பும் கிடைத்தது, ஒரு தாயும் கிடைத்தார்.

இதைச் சொன்னால் நண்பர்கள் முகஞ்சுளிக்கிறார்கள். “வயிற்றுப்பாட்டுக்காக அந்நியரின் வணக்கத்திற்கு ஊழியம் செய்யலாமா?” என்கிறார்கள். ஃபிக்ஹு நூல்களைப் புரட்டியோர் இவ்வளவு எளிதில் பேசமாட்டார்கள். பிற மதத்தாரின் ஆலயத்தைக் கட்டக் கூலி வாங்குவதை ஹனஃபி நூல்கள் அனுமதிக்கின்றன. ஷாஃபிஈகளில் பலர் மறுத்துள்ளனர். கருத்து வேறுபாடு இருப்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் கட்டடம் எழுப்புவது வேறு, கிழவியின் கடையில் தொப்பி தைப்பது வேறு. சூரத்துல் ஹஜ்ஜின் 40ஆவது வசனம், மடங்களையும் கிறிஸ்தவ ஆலயங்களையும் யூத ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் ஒரே மூச்சில் குறிப்பிட்டு, இறைவன் பெயர் நினைவுகூரப்படும் இடங்களாக அவற்றைப் பேசுவதை இவர்கள் எப்படிக் கடந்து செல்கிறார்கள்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உலகைப் பிரிந்தபோது அவர்களுடைய போர்க்கவசம் முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடைமானத்தில் இருந்தது. புகாரியில் உள்ள செய்தி இது. மதீனாவில் வசதி படைத்த தோழர்கள் இல்லாமலா போனார்கள்? பசித்த அலீ (ரலி) அவர்கள் ஒரு யூதரின் தோட்டத்தில் வாளிக்கு ஒரு பேரீச்சம்பழம் என்று நீர் இறைத்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடரின் வலிமையை ஆலிம்கள் ஆராயட்டும். கவசச் செய்தி ஒன்றே எனக்குப் போதும்.

அடுத்து வருவது பலஸ்தீனம். அங்கே வீடிழந்தோரின் துயரம் என் நெஞ்சிலும் எரிகிறது. 1948 முதல் அது ஆறவில்லை. ஆயினும் அந்த அநீதிக்கு மட்டாஞ்சேரிக் கிழவியிடம் கணக்குக் கேட்பவன், எங்கோ ஒருவன் செய்த பாதகத்துக்கு நம்மைக் குற்றக்கூண்டில் நிறுத்துபவனுக்கு எதிராக எந்த வாயால் பேசுவான்? அந்தக் கூண்டில் ஏறி நின்று பழகிய சமுதாயம் அல்லவா நம்முடையது!

கொச்சிக்கு அப்பால் கல்கத்தாவையும் பாருங்கள். 1884இல் கட்டப்பட்ட மாகன் டேவிட் ஆலயத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்து வருவோர் ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம்கள். 1881இல் யூதர் தொடங்கிய பெண்கள் பள்ளியில் இன்று படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமியர். இதற்கெல்லாம் யாரும் மாநாடு கூட்டவில்லை, தீர்மானம் போடவில்லை.

யூதரின் கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஜுமுஆவுக்கு நாற்பது பேர் என்று எண்ணிப் பழகிய ஷாஃபிஈகளாகிய நமக்கு இந்தக் கணக்கின் கவலை புரியும். கொச்சியின் யூதர்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின், பரதேசி ஆலயத்தில் அந்தப் பத்தை நிரப்ப வெளியூர் யாத்திரிகரை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. நம் ஜுமுஆவிலோ வழிப்போக்கரை அந்த எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. ஊரில் நிலையாகக் குடியிருப்போரே வேண்டும். பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு மூத்தோர் மட்டும் எஞ்சியிருக்கும் நம் கடற்கரை ஊர்களில், முன் வரிசையைத் திரும்பிப் பார்த்து எண்ணும் இமாமின் கண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஊர்களின் பெரிய வீடுகளில் தனித்துக் கிடக்கும் நம் கண்ணும்மாக்களுக்கு இன்று கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவள் யார்? பல வீடுகளில் அவள் கலிமாச் சொன்னவள் அல்லள். அவளைப் பார்த்து, “முஸ்லிம் வீட்டில் உனக்கு என்ன வேலை?” என்று அவளுடைய தெருவில் ஒருவன் கேட்டால், நம் நண்பர்கள் என்ன சொல்வார்கள்? அதே விடையை மட்டாஞ்சேரிக்கும் எழுதி அனுப்பட்டும். சாரா அம்மையாரின் மறைவுக்குப் பின்னும் அந்தக் கடையைத் திறந்து உட்கார்ந்தவர் அதே முஸ்லிம்தான்.