பிரேக் காலிப்பரும் பழுது நீக்கும் உரிமையும்

காரின் முன்சக்கரங்களுள் ஒன்று மட்டும் அளவுமீறிச் சூடேறுகிறது. பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. காலிப்பர் இறுகியிருக்கக்கூடும். அங்கீகரிக்கப்பட்ட சேவை மையங்கள் பலவற்றின் விடை முழுக் காலிப்பரையும் மாற்றுவதே. உள்ளே கெட்டிருப்பதோ பல வேளைகளில் ஒரு ரப்பர் வளையந்தான்.

அவ்வளையத்தின் பணி வியப்புக்குரியது. மிதியை அழுத்தியதும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் பிஸ்டன் முன்னே நகர, சதுர வெட்டுடைய அந்தச் சீல் அதனோடு சற்றே வளைகிறது. மிதியை விட்டதும் தன் வடிவுக்குத் திரும்பிப் பிஸ்டனையும் பின்னிழுக்கிறது. இதற்கெனத் தனி ஸ்பிரிங் கிடையாது. ரப்பர் முதிர்ந்தாலோ, டஸ்ட் பூட் கிழிந்து ஈரம் புகுந்து பிஸ்டன் துருவேறினாலோ இந்தப் பின்வாங்கல் நின்றுபோகிறது.

தில்லி காஷ்மீரி கேட் போன்ற உதிரிபாகச் சந்தைகளில் சீல் கிட் வாங்கி வீட்டிலேயே இதைச் சரிசெய்வோர் உண்டு. செய்யத்தக்க வேலைதான், ஆனால் மன்னிக்காத வேலை. குழிவிழுந்த பிஸ்டனைத் தேய்த்து மீண்டும் பொருத்தலாகாது. சாதாரண கிரீஸ் பட்டால் சீல் உப்பிவிடும். காற்றழுத்தத்தால் பிஸ்டனை வெளியேற்றும்போது விரல் குறுக்கே இருந்தால் நசுங்கும். குழாயில் காற்று தங்கிவிட்டால் மிதி தரைவரை இறங்கும். ஆய்வுலகம் இத்தகைய உழைப்பை 'ஜுகாட்' என்று கொண்டாடிப் பழகிவிட்டது. பிரேக்கில் ஜுகாடுக்கு இடமில்லை. அங்கே வேண்டுவது துல்லியமான தகவல்.

அத்தகவலைத் தர மறுப்பதற்கும் பாதுகாப்பே காரணமாகச் சொல்லப்படுகிறது என்பதுதான் முரண். கையேடு கிடைக்கவில்லை என்பதற்காக எவரும் பழுதுபார்ப்பதை நிறுத்துவதில்லை, ஊகித்துச் செய்கிறார்கள். அந்த ஊகத்தின் விலையை எதிரே சாலையைக் கடப்பவரும் சேர்த்தே செலுத்த நேரிடுகிறது. உரிமையாளரின் சிக்கனமாக மட்டும் இதைப் பார்ப்பது போதாது.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் உற்பத்தி நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பணிமனைகளுக்கு எட்டாதபடி தடுத்தமையே குற்றம். வெளியே பழுதுபார்த்த ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை முற்றாக ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது என்றும் ஆணையம் கூறியது. தொகை பின்னர் மேல்முறையீடுகளில் சிக்கியது. கூற்றின் நியாயம் அதனால் குறையவில்லை. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுது நீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அதன் 4 துறைகளுள் வாகனமும் ஒன்று.

அந்தத் தளத்தை அளக்க எளிய சோதனை உண்டு. ஒரு பழைய காரின் மாதிரிப் பெயரைக் கொடுத்தால், காலிப்பர் போல்ட்டை எந்த அளவு முறுக்குவிசையில் இறுக்க வேண்டும், அதற்குரிய சீல் கிட்டின் எண் என்ன, பிஸ்டன் எந்த அளவு தேய்ந்தால் அதைக் கழித்துவிட வேண்டும் என்ற மூன்றும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். மெக்கானிக்கின் மொழியிலும் கிடைக்க வேண்டும்.