நரியைப் பரியாக வாங்கும் நண்பர்களுக்கு

சென்ற மாதம் ஒரு பிற்பகல், மெல்பேணில் வாழும் பழைய பாடசாலைத் தோழர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். திருகோணமலை உவர்மலையில் அவருடைய தாயார் விட்டுச் சென்ற இருபது பேர்ச் காணி இருக்கிறது. அதன் முற்றத்தில் நின்றால் உட்துறைமுகம் முழுவதும் தெரியும். அந்தக் காணியை விற்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். குதிரைக் குட்டி வாங்குவதற்கு என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மச்சான், முழுக் குதிரை இல்லை, பங்குதான். ஏலத்திலை எடுக்கிற நல்ல இரத்தக் குட்டி. எங்கட பழைய மாணவர் பத்துப் பேர் சேருறம். காணிக்கு ஆள் பார்த்துத் தா. அப்படியே இதைப் பற்றி நாலு வரி எழுது. நீ எழுதினா எங்கட சனம் நம்பும்."

எழுதுகிறேன் என்று வாக்களித்தேன். அந்த வாக்கைத்தான் இப்போது காப்பாற்றுகிறேன். அவர் எதிர்பார்த்த நாலு வரி இது அல்ல என்பதற்காக அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

முதலில், விற்கப்படுவது எது என்பதைப் பார்ப்போம். அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டிலும் சிட்னியிலும், அமெரிக்காவின் கென்டக்கியிலும், இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டிலும் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய ஏலங்களில் மேடையேறுவது ஏறத்தாழ ஒன்றரை வயதுக் குட்டி. அதன் முதுகில் எவரும் அமர்ந்து அதை ஓட்டிப் பார்த்ததில்லை. அது எந்தப் பந்தயத்திலும் கால் வைத்ததில்லை. வாங்குபவர் கையில் இருப்பது ஒரு விவரப் பட்டியல். அதில் தந்தைக் குதிரையின் பெயர், தாய்க் குதிரையின் பெயர், அந்தக் குடும்பத்தில் பெரிய பந்தயங்களை வென்றவர்களின் பெயர்கள் தடித்த கறுப்பு எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கால் எலும்புகளின் எக்ஸ்ரே படங்களை மிருக வைத்தியரிடம் காட்டலாம். குட்டியை நடக்கவிட்டுப் பார்க்கலாம். அவ்வளவுதான். சுத்தியல் விழுந்த கணத்திலிருந்து அந்தக் குட்டியின் நோயும் நொடியும் வாங்கியவருடையவை.

சுருங்கச் சொன்னால், அங்கே விலைபோவது வேகம் அன்று, வம்சம். பிள்ளையின் கெட்டித்தனத்தைப் பாராமல் பாட்டனின் பட்டத்தைப் பார்த்து வேலை கொடுப்பதற்கு ஒப்பானது அது. அந்தப் பழக்கம் நம் சமூகத்திற்குப் புதிதல்ல என்பதால்தானோ என்னவோ, இந்த வியாபாரமும் நம்மவர்க்கு இயல்பாகப் படுகிறது.

இவ்விடத்தில் என் தொழில்சார்ந்த ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2006 பெப்ரவரியில் புளோரிடாவில் நடந்த ஏலமொன்றில் 'த கிரீன் மங்கி' என்ற இரண்டு வயதுக் குதிரை 16 மில்லியன் டொலருக்கு விலைபோனது. ஏலத்திற்கு முன் நடந்த காட்சி ஓட்டத்தில் அது ஒரு பர்லாங் தூரத்தை 9.8 வினாடியில் கடந்திருந்தது. அந்நாளில் நான் கொழும்பில் செய்தி மேசையில் இருந்தேன். அதே ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி என் ஊர்க் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். நாள்தோறும் இரத்தச் செய்திகளையே பக்கத்தில் வைத்துக் கொண்டிருந்த எங்களுக்கு, மூலையில் போட ஓர் இலேசான செய்தி தேவைப்பட்டது. "உலகின் விலையுயர்ந்த குதிரை" என்று கட்டம் கட்டிப் போட்டேன்.

அந்தக் குதிரை பிறகு மூன்றே முறை ஓடியது. ஒருமுறையும் வெல்லவில்லை. அதன் வாழ்நாள் பந்தய வருமானம் 10,440 டொலர். இதை நான் செய்தியாக்கவில்லை. நான் அறிந்தவரை நம் பத்திரிகைகள் எவையும் ஆக்கவில்லை. விலையைச் செய்தியாக்கி, விளைவை விட்டுவிடுவது எங்கள் தொழிலின் பழைய நோய். மெல்பேண் நண்பரின் கனவுக்குள் என் போன்றோர் எழுதிய அத்தகைய கட்டச் செய்திகளும் கலந்திருக்கின்றன என்பதால்தான் இதைக் கடனாக எண்ணி எழுதுகிறேன்.

அது ஒன்று மட்டுமல்ல. 1983இல் கென்டக்கியின் கீன்லாந்து ஏலத்தில் 'ஸ்நாபி டான்சர்' என்ற குட்டியைத் துபாய் இளவரசர் ஷேக் முகமது 10.2 மில்லியன் டொலருக்கு வாங்கினார். ஒரு குட்டி பத்து மில்லியனைத் தாண்டியது அதுவே முதல் முறை. அது ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. சரி, இனவிருத்திக்காவது உதவும் என்று விட்டார்கள். நான்கு குட்டிகளோடு அந்தக் கதையும் முடிந்தது. உலகின் தலைசிறந்த வைத்தியர்களும் பயிற்றுநர்களும் அருகில் நின்று பார்த்து வாங்கிய குட்டி அது. ஷேக்குக்கு அது ஒரு கோடை காலத்து ஏமாற்றம். உவர்மலைக் காணியை விற்றவருக்கு?

நண்பர் இதற்கும் விடை வைத்திருந்தார். 1975இல் 17,500 டொலருக்கு வாங்கப்பட்ட 'சியாட்டில் ஸ்லூ', 1977இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது என்றார். அவுஸ்திரேலியாவில் ஜோ ஜானியக் என்ற டாக்சிச் சாரதி 1,400 டொலருக்கும் குறைவான விலைக்கு வாங்கிய 'டேக்ஓவர் டார்கெட்', 2006இல் இங்கிலாந்தின் அஸ்கொட் வரை சென்று வென்றது என்றார். இரண்டும் உண்மை. ஆனால் அவை எதை நிரூபிக்கின்றன? விவரப் பட்டியலுக்கும் வெற்றிக்கும் உள்ள உறவு எவ்வளவு தளர்வானது என்பதைத்தான். பெருவிலை கொடுத்தது ஓடவில்லை. சிறுவிலைக்கு வந்தது பறந்தது. இதை முதலீடு என்று அழைக்க எவருக்கும் மனம் வரக்கூடாது. மேலும், அந்த டாக்சிச் சாரதி பங்கு வாங்கிவிட்டு வீட்டில் இருந்தவர் அல்லர். குதிரையைத் தானே பயிற்றுவித்தவர். அதன் முழங்கால் வலியை அறிந்தவர். நம் பத்துப் பேரில் ஒருவருக்காவது குதிரைக்கு லாடம் எந்தப் பக்கம் அடிப்பது என்று தெரியுமா?

தெரியாத குதிரைக்குப் பொன்னை அள்ளிக் கொடுப்பதில் தமிழருக்கு நீண்ட வரலாறு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அந்நாட்டு அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஈராயிரம் குதிரைகளுக்கு மேல் கடல்வழியே வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சவில்லை என்றும் எழுதிவைத்தார். வளர்க்கத் தெரியாமை ஒரு காரணம். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தார்களாம். இன்னொரு காரணமும் சொல்கிறார்: குதிரை விற்ற வணிகர்கள் குதிரை வைத்தியம் அறிந்தவரை இந்நாட்டுக்குள் வரவிடவில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்! எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய இந்த வணிக நுட்பத்தை இன்றைய எந்தப் பட்டதாரியும் மிஞ்ச முடியாது.

அதே பாண்டிய நாட்டின் இன்னொரு கதை நம் எல்லோருக்கும் மனப்பாடம். குதிரை வாங்கக் கருவூலப் பொன்னோடு அனுப்பப்பட்ட திருவாதவூரர் அதைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்தான். பகலில் அரசன் பார்த்து மெச்சிய பரிகள் இரவில் மீண்டும் நரிகளாயின. அத்தோடு நின்றனவா? இலாயத்தில் ஏற்கனவே இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. சிறுவயதில் கோயில் மண்டபத்தில் இக்கதையைக் கேட்டபோது இறைவனின் லீலை மட்டுமே என் கண்ணில் பட்டது. இப்போது அந்தப் பழைய குதிரைகள்தான் கண்ணில் நிற்கின்றன. போலியாக வந்தது தான் மட்டும் போகாது. இருந்ததையும் கடித்துவிட்டே போகும்.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். இலங்கையில் பந்தயக் குதிரை என்று பார்க்க வேண்டுமானால் நுவரெலியாவுக்குப் போக வேண்டும். ஆனால் பிரித்தானியக் குதிரைகள் மீது பணம் கட்டும் 'புக்கி' கடைகள் நாடெங்கும் உண்டு. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அவை வரியும் செலுத்த வேண்டும். எங்கள் நகரிலும் மாலையானால் துறைமுகத்துக் கூலியாளும் மீன்பிடிப் படகிலிருந்து இறங்கியவரும் அங்கே நிற்பதைக் காணலாம். இங்கிலாந்தில் பகல் ஆட்டம் தொடங்கும் நேரம், இங்கே வேலை முடிந்து கூலி கைக்கு வரும் நேரம். அவர்களை ஊர் 'றேஸ்காரன்' என்கிறது. பெண் கொடுக்கத் தயங்குகிறது. அந்தக் கடை பல வீடுகளின் அடுப்பை அணைத்திருக்கிறது; அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆயினும் நியாயத்திற்காக ஒன்று சொல்ல வேண்டும். குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டல்ல, திறமை விளையாட்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல், சென்னைப் பந்தயம் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்ததை நண்பர் எனக்கு நினைவூட்டினார். நல்லது. புக்கி கடையில் நிற்கும் கூலியாள், ஏற்கனவே பலமுறை ஓடிய குதிரையின் கணக்கைப் படித்துவிட்டுப் பணம் கட்டுகிறார். தோற்றால் அந்தத் துண்டுச் சீட்டோடு தோல்வி முடிகிறது. ஒருமுறைகூட ஓடாத குட்டியின் பங்கை வாங்குபவருக்கோ படிக்க ஓட்டக் கணக்கே இல்லை. தோல்வியும் ஒரு நாளில் முடிவதில்லை. பயிற்றுநர் கட்டணம், தீவனம், லாடம், வைத்தியம், காப்புறுதி என்று மாதாமாதம் சீட்டு வந்துகொண்டிருக்கும், குட்டி நொண்டினாலும். திறமை என்ற அளவுகோலை வைத்தால், இருவரில் யார் பெரிய சூதாடி? ஆனால் ஒருவருக்கு றேஸ்காரன் என்று பெயர். மற்றவருக்கு 'உரிமையாளர்' என்று கழுத்துப் பட்டியோடு வரவேற்பு. கூலியாளின் சூதுக்கு ஒரு பெயர், கனவான்களின் சூதுக்கு இன்னொரு பெயர் என்பதை ஏற்க நான் ஆயத்தமில்லை.

அறிந்தவர்கள் வாங்கட்டும். இழக்கக்கூடிய பணம் உள்ளவர்கள், குதிரையின் அழகுக்காகவும் காலைநேரப் பயிற்சியின் மகிழ்ச்சிக்காகவும் வாங்கட்டும். அது அவர்கள் பொழுதுபோக்கு. அவுஸ்திரேலியச் சட்டப்படி, பொதுமக்களுக்குக் குதிரைப் பங்கு விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். விளக்க ஆவணமும் தரவேண்டும். அதை வாசித்தாயா என்று நண்பரைக் கேட்டேன். "அது நீளமா இருக்கு மச்சான், பெடியன் பார்த்தவன்" என்றார். ஏலத்தில் குட்டி என்ன விலைக்கு விழுந்தது, பங்குகளைக் கூட்டினால் என்ன தொகை வருகிறது, இடையில் உள்ள வித்தியாசம் யாருக்கு என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. அந்த மௌனத்திற்குத்தான் இருபது பேர்ச் காணி விலை.

அந்தக் காணியில் இப்போது ஒரு வேப்பமரமும் இடிந்த கிணற்றுக்கட்டும் இருக்கின்றன. போர்க்காலத்தில் மூன்று தடவை அவர் தாயார் அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினார். மூன்று தடவையும் திரும்பி வந்தார். உறுதியை உரப் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனதை நான் நேரில் கண்டவன். அந்த அம்மாவுக்குப் பந்தயம் தெரியாது. எதை விடக்கூடாது என்பது தெரிந்திருந்தது.

நண்பா, காணிக்கு ஆள் பார்க்கமாட்டேன். கோபம் தணிந்ததும் விடுமுறையில் வா. கிணற்றுக்கட்டைச் சேர்ந்து திருத்துவோம். குதிரையோட்டம் பார்க்க ஆசையானால் நுவரெலியாவுக்கு நானே அழைத்துப் போகிறேன். நுழைவுச்சீட்டு என் செலவு.