ராத்தாவின் சேமிப்பு

ராத்தாவுக்கு வேலை கிடைத்ததும் எங்கள் வீட்டில் ஒரு வாதம் தொடங்கியது. ஓய்வுகாலத்துக்காக அவர் தனியாகச் சேமிக்கும் பணத்தை எங்கே வைப்பது? வட்டி தரும் நிலையான வைப்பிலா, முழாரபா கணக்கிலா?

ஊழியர் சேமலாப நிதியில் எமக்குத் தெரிவில்லை. சம்பளத்தில் 8 வீதம், தொழில்தருநரின் 12 வீதம் சட்டப்படி போய்ச் சேரும்; மத்திய வங்கி அதில் பெரும்பகுதியை அரசாங்கப் பிணையங்களில் இடுகிறது. மீதிப் பணம்தான் எங்கள் பொறுப்பு.

"வயதான காலத்தில் பிறரிடம் கை நீட்டாமலிருப்பதும் மார்க்கம்தான் மகள்" என்றார் வாப்பா. இலகுவில் மறுக்க முடியவில்லை. 9 வீதத்தில் ஓர் இலட்சம் 25 வருடங்களில் ஏறத்தாழ 8.6 இலட்சமாகும், 8 வீதத்தில் 6.8 இலட்சம்தான். (இதைக் கூட்டுவட்டிச் சூத்திரத்தால்தான் கணித்தேன்!) முழாரபாவில் அந்த 8 வீதத்துக்கும் உத்தரவாதமில்லை.

ஆயினும் நான் முழாரபாவின் பக்கமே. அதில் வியாபாரம் நட்டப்பட்டால் முதலிட்டவரும் தாங்குகிறார். நுண்கடன் தவணைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் பெண்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அப்படியொரு கதவுக்குப் பின்னாலிருந்து எங்கள் இலாபம் வரவேண்டாம். அதற்காக 'ஹலால்' என்ற பெயர்ப்பலகையை மட்டும் நம்பிவிடவும் முடியாது.

அடுத்த வாரம் ராத்தா கணக்குத் திறக்கப் போகிறார். பணம் எந்தத் தொழில்களுக்குப் போகிறதென்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். வாப்பாவும் கூடப் போகிறார்.