அண்ணாச்சி, உங்க ஜிம்முக்குப் போட்டி யாரு?

சின்ன ஊர்ல ஜிம் நடத்துற யார்கிட்டயாவது "தொழில் எப்படிப் போவுது?"ன்னு கேட்டுப் பாருங்க. வாடகை, கரண்ட் பில் எல்லாம் அப்புறம்தான் வரும். முதல் பதில், "எதுத்தாப்புல ஒருத்தன் புதுசாத் திறந்துட்டான் தம்பி. ஏசி போட்டிருக்கான். மாசத்துக்கு நூறு ரூவா கம்மி" என்பதாத்தான் இருக்கும். சொல்லும்போது குரல்ல ஒரு பயமும் தெரியும். என்னைக் கேட்டா, அண்ணாச்சி பயப்படுறதுல தப்பே இல்லை. ஆனா பயப்பட வேண்டிய ஆள் எதுத்த கடைக்காரன் இல்லை.

குருவிகுளம் தெரியாத நண்பர்களுக்காக ரெண்டு வரி. கரிசக்காடு. மேற்கே சங்கரன்கோவில், கிழக்கே கழுகுமலை, அதையும் தாண்டினா கோவில்பட்டி. 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆனதுலேருந்து நாங்க நெல்லைச் சீமையை விட்டுத் தென்காசிக்காரங்க ஆயிட்டோம். ஒன்றியத்துக்கே பேர் குடுத்த ஊர்னாலும் ஊர் சின்னதுதான். இந்த மாதிரி ஊர்ல ஒரு ஜிம்முக்கு வரக்கூடிய ஆள்னா, பைக்ல பத்து நிமிஷத்துல வந்து சேரக்கூடிய ஆள் மட்டும்தான். தண்டால் எடுக்கிறதுக்காக யாரும் பஸ் ஏறி வரப்போறதில்லை. ஆள் எண்ணிக்கை இவ்வளவுதான்னு இருக்கும்போது இன்னொருத்தன் கடை திறந்தா வயித்துல புளியைக் கரைக்கத்தான் செய்யும். அதனாலதான் அடுத்த நாளே "சிறப்புச் சலுகை"ன்னு ஃப்ளெக்ஸ் கட்டிடுறாங்க.

அந்த ஃப்ளெக்ஸ் என்ன பண்ணுதுன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணக் கணக்குதான், யாரோட நோட்டுலேருந்தும் எடுத்ததில்லை. 80 பேர், மாசம் 500 ரூபாய்னா வரவு 40,000. வாடகை, கரண்ட், கருவிக்கான தவணை, சொல்லிக் குடுக்கிற பையனுக்குச் சம்பளம் எல்லாம் சேர்த்து 30,000 போகுதுன்னு வச்சுக்குவோம். கையில நிக்கிறது 10,000. இப்ப பயந்துபோய் 400 ஆக்குறோம். அதே 80 பேர் இருந்தாலும் வரவு 32,000. கையில 2,000. விலையைக் குறைச்சது 20 சதவீதம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போற காசு குறைஞ்சது 80 சதவீதம்!

இதையே திருப்பிப் போடுங்க. விலையைக் குறைக்கவே இல்லை, பத்துப் பேர் எதுத்த ஜிம்முக்குப் போயிட்டாங்க. மிச்சம் 70 பேர், வரவு 35,000, கையில 5,000. விலையைக் குறைச்சதை விட இது எவ்வளவோ தேவலை. பதினாறு பேர் போனாத்தான் ரெண்டு கணக்கும் சமமாகும். நூறு ரூபாய்க்காகப் போறவன் நாளைக்கு அம்பது ரூபாய் கம்மின்னா அங்கேருந்தும் போவான். அவனைப் பிடிச்சு வைக்கிறதுக்காக, போகாத அறுபத்துச் சொச்சம் பேர்கிட்ட வர்ற காசையும் நாம ஏன் விடணும்?

"பெரிய ஜிம்முங்க எல்லாம் சலுகை குடுத்துத்தானே தம்பி வளருது?"ன்னு கேக்கலாம். பெரிய ஜிம்மோட வயித்துப்பாடு வேற. 2006-ல ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. அமெரிக்காவுல மூணு ஜிம்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களோட வருகைக் கணக்கை எடுத்துப் பார்த்திருக்காங்க. மாசச் சந்தா 70 டாலருக்கு மேல கட்டினவங்க, சராசரியா மாசத்துக்கு 4.3 தடவைதான் வந்திருக்காங்க. ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல ஆச்சு. பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தா தடவைக்கு 10 டாலர்தான்! அதாவது, வராதவன் கட்டுற காசுலயே ஒரு ஜிம் ஓட முடியும்.

நகரத்துல அது நடக்கும். குருவிகுளத்துல நடக்குமா? சந்தா கட்டிட்டு வராதவன் சாயங்காலம் டீக்கடையில நிப்பான். "எங்க, அங்க போயி ஒண்ணும் ஆகலை"ன்னு நாலு பேர்கிட்ட சொல்லுவான். அவன் ஒருத்தனோட தொப்பை, நீங்க கட்டின ஃப்ளெக்ஸை விடப் பெரிய விளம்பரம் :-) நகரத்து ஜிம்முக்கு வராதவன் லாபம். நம்ம ஊர் ஜிம்முக்கு வராதவன் நஷ்டம். தொழிலோட அடிப்படையே வேறயா இருக்கும்போது அவங்க சலுகையை மட்டும் காப்பியடிச்சு என்ன செய்ய?

பெருசா இருந்தா பாதுகாப்புன்னும் சொல்லிட முடியாது. 1932-ல மும்பையில ஆரம்பிச்ச தல்வால்கர்ஸ் 2010-ல பங்குச்சந்தைக்கு வந்தது. ஊர் ஊராக் கிளை திறந்தது. 2019-ல கடனைத் திருப்பிக் கட்ட முடியாம விழுந்தது. 1965-ல கலிஃபோர்னியாவுல தொடங்கின கோல்ட்ஸ் ஜிம், கொரோனா முடக்கத்தப்ப, 2020 மே மாசம் திவால் பாதுகாப்புக் கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு. பக்கத்துத் தெரு ஜிம்காரன் வந்து யாரையும் சாய்க்கலை. கடன், வாடகை, வராத வரவு, இதுகதான் சாய்ச்சது.

விலையை ஆயுதமா நம்ப முடியாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஜிம் கட்டணத்து மேல 18 சதவீதம் இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22-லேருந்து 5 சதவீதம் ஆயிடுச்சு. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன ஜிம்முக்கு முன்னாடியும் அந்த வரி இல்லை. அப்ப பெரியவனுக்கும் சின்னவனுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் கொஞ்சம் சுருங்கிடுச்சு. இனி மலிவை மட்டும் காட்டி நிக்கிறது கஷ்டம்.

சரி, அப்ப போட்டி யாரோடதான்?

வருகை நோட்டைத் திறந்து பாருங்க. ஒண்ணாம் தேதி பளபளன்னு புது ஷூ போட்டு வந்தவன், நாலாவது வாரம் எங்க? உடம்பு வலி, பருத்திக்காட்டு வேலை, தீப்பெட்டி ஆபீஸ்ல ரெண்டாவது ஷிஃப்ட், கைப்பேசி, சோம்பல். இவங்கதான் உங்க போட்டியாளருங்க. ஒருத்தர் கூட ஃப்ளெக்ஸ் கட்டுறதில்லை, அதனால கண்ணுக்குத் தெரியறதில்லை. மேல சொன்ன ஜிம்முலயே மாசம் 10 பேர் சேர்ந்து 10 பேர் நின்னா, வருஷக் கடைசியிலயும் அதே 80 பேர்தான். நிக்கிறவங்களை 7 ஆக்கிட்டா, வருஷக் கடைசியில 116 பேர். மாசத்துக்கு மூணு பேர். "ஏன்லே நேத்து வரலை?"ன்னு போன்ல கேட்டாலே திரும்பி வரக்கூடிய மூணு பேர். அதுக்கு ஏசி வேண்டாம்.

கருவி மட்டும் போதும்னா இந்தத் தொழிலே எப்பவோ முடிஞ்சிருக்கும். 2016-ல தமிழக அரசு 500 ஊர்கள்ல அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் அமைக்கப் போறதா அறிவிச்சது. இலவசத்தோட யார் விலையில போட்டி போட முடியும்? ஆனா இரும்பை அரசாங்கம் குடுக்கலாம். முதுகை வளைச்சுத் தூக்குறவனைப் பார்த்து "நிறுத்து, இடுப்பு போயிரும்"னு சொல்ல ஒரு ஆள் பக்கத்துல நிக்கணும். சனங்க சந்தா கட்டுறது அந்த ஆளுக்குத்தான்.

எதுத்த ஜிம்மைப் பார்த்து அதே கருவி, அதே கண்ணாடி, அதே ஆர்னால்ட் படம்னு வைக்கிறதுல அர்த்தமே இல்லை. உங்ககிட்ட வர்றவன் எதுக்காக வர்றான்னு கேளுங்க. எங்க பக்கத்துப் பையங்கள்ல முக்காவாசிப் பேருக்கு கனவு போலீஸ் வேலைதான். சீருடைப் பணியாளர் தேர்வுல ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ., மூச்சை இழுத்தா இன்னும் 5 செ.மீ. விரியணும். 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். கயிறு ஏறணும், தாண்டணும். பைசெப்ஸ் மெஷின்ல இதுல எது வரும்? வேப்பமரத்துல கட்டின ஒரு தேர்வடக் கயிறும், கையில ஒரு ஸ்டாப்வாட்ச்சும், விடிகாலை அஞ்சு மணிக்குக் கூடவே வந்து நிக்கிற மனசும் இருந்தாப் போதும். பாஸானவன் வேலைக்குப் போயிருவான், சந்தா நின்னுபோகும், வாஸ்தவம்தான். ஆனா அடுத்த வருஷம் அவன் தம்பி வருவான். அவங்க தெருவே வரும்.

இன்னொருத்தர் காலையில பத்து மணிக்கு மேல பெண்களுக்குன்னு தனி நேரம் ஒதுக்கலாம். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டர் சொன்ன அம்பது வயசுக்காரருக்கு ஒருத்தர் பொறுமையாச் சொல்லிக் குடுக்கலாம். அப்படிப் பிரிஞ்சுட்டா ஒரே தெருவுல ரெண்டு ஜிம் இருந்தாலும் ரெண்டும் பிழைக்கும்.

பக்கத்துலயே உதாரணம் இருக்கே. கோவில்பட்டியில எத்தனை கடலை மிட்டாய்க் கடை! ஒருத்தருக்கொருத்தர் போட்டிதான். ஆனா சங்கமாச் சேர்ந்துதான் 2020-ல புவிசார் குறியீடு வாங்கினாங்க. ஒரு கடையோட பேர் இல்லை, ஊர்ப்பேர் ஜெயிச்சது. மிட்டாய் பார்சல்ல ஊர் ஊராப் போகும், ஜிம் போகாதுங்கிறது உண்மைதான். ஆனா "இந்த ஊர்ப் பையன்கள் உடம்பு வளைஞ்சு வேலை செய்றவங்க"ன்னு ஒரு பேர் வந்துட்டா, இதுவரைக்கும் ஜிம் வாசலையே மிதிக்காதவன் உள்ள வருவான். ஊர்ல பத்துல ஒருத்தன்கூட ஜிம்முக்குப் போகாதப்ப, போற அந்த ஒருத்தனுக்காக ரெண்டு பேர் அடிச்சுக்கிறது என்ன கணக்கு?

எதுத்த கடையைக் கண்டுக்கவே வேண்டாம்னு நான் சொல்லலை. அங்க சொல்லிக் குடுக்கிறவன் உங்களை விட நல்லாச் சொல்லிக் குடுத்தா, கட்டாயம் பயப்படுங்க, கத்துக்கங்க. ஆறு மாசமா அறுந்து கிடக்கிற கேபிளை மாத்த வைக்கிறது, கக்கூஸைக் கழுவ வைக்கிறது போட்டிதான். அந்த வரைக்கும் போட்டி நல்லது. அதுக்கு மேல அவன் போர்டைப் பார்க்கிற நேரத்துல நம்ம நோட்டைப் பார்க்கலாம்.

உங்க ஊர் ஜிம்முல எப்படி? ஒரே தெருவுல ரெண்டு மூணு ஜிம் நல்லபடியா ஓடுற ஊர் ஏதாச்சும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. அங்க அவங்க எதைப் பிரிச்சுக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை.

பி.கு: "அப்ப ரெண்டு பேரும் உக்காந்து ஒரே ரேட்டுன்னு பேசி முடிச்சிரலாமே"ன்னு கிளம்பிடாதீங்க. போட்டியாளர்கள் சேர்ந்து விலை வைக்கிறதை 2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டம் ஒத்துக்காது. வேலையைப் பிரிச்சுக்க நான் சொன்னது அவங்கவங்களுக்கு எது வரும்னு பார்த்துத்தான், ஒப்பந்தம் போட்டு இல்லை :-)