இடக்கரடக்கலும் ஒரு நோயும்

நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். அவையில் கூறத்தகாததை மறைத்துக் கூறுவது முதலாவது. ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல் மூன்றாவது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை மாணவர் யாவரும் அறிவர். மகளிரின் மாதப்போக்கைக் குறிக்க நம்மிடம் உள்ள சொற்களோ பெரும்பாலும் முதல் வகையின. ‘தூரம்’ என்கிறோம், ‘விலக்கு’ என்கிறோம், இன்னும் அடக்கிச் ‘சுகமில்லை’ என்கிறோம். இந்தச் ‘சுகமில்லை’ இயல்பான போக்கையும், எழுந்து நிற்கவொட்டாத வலியையும் ஒரே போர்வையால் மூடிவிடுகிறது. இலக்கணம் வைத்தியத்துக்கு இடையூறாவது இங்கேதான்.

எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயைக் கருதியே இதனை எழுதுகிறேன். கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் குடலைச் சார்ந்தும் பிறவிடங்களிலும் வளர்வது இது. ஜோன் சாம்சன் என்ற அமெரிக்க வைத்தியர் 1920களில் இப்பெயரை வழக்கிற்குக் கொணர்ந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, பிள்ளை பெறும் வயதினரில் ஏறத்தாழப் பதின்மருள் ஒருவரை, அஃதாவது உலகெங்கும் 19 கோடிப் பெண்களை, இது பற்றியிருக்கிறது. முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. வலியைத் தணிக்கவும், ஹோர்மோன் மருந்தால் அடக்கவும், சத்திரசிகிச்சையால் அகற்றவும் வழிகள் உண்டு. ஆயினும் நோய் இன்னதென்று தெரிவதற்குள்ளேயே பலருக்குப் பல்லாண்டுகள் கழிந்துவிடுகின்றன.

பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு வரவு இடாப்பே சாட்சி. மாதந்தோறும் அதே பிள்ளை, அதே இரண்டு மூன்று நாள் வருவதில்லை. கேட்டால், ‘கலியாணம் முடித்தால் சரியாகிவிடும்’ என்று வீட்டார் விடை தருவர். இதனினும் கொடிய ஆறுதலை யான் கேட்டதில்லை. திருமணம் இந்நோய்க்கு மருந்தன்று, பிள்ளைப்பேறும் மருந்தன்று. சிலருக்கு இந்நோயே பிள்ளைப்பேற்றைத் தடுக்கும். அப்பொழுது அவளுக்கு வலியோடு ‘மலடி’ என்ற பெயரும் சேர்ந்துகொள்கிறது.

இத்தகையோர்க்குத் துணை எங்கே? 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மேரி லூ பால்வெக், கரோலின் கீத் என்னும் இரு பெண்கள் இந்நோயாளருக்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தனர். நோயுற்ற பெண்களிடமே விவரங்களைக் கேட்டுத் திரட்டினர். அந்நாட்டில் அண்டை வீட்டாள் யாரென்று அறியாத பெண்ணுக்குச் சங்கம் வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் குறை இல்லை. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எங்கணும் வீடு பெண்ணுக்கே உரியது. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுகிறார். ஒரு வளவிலேயே உம்மா, ராத்தா, சாச்சி, தங்கை என நான்கு அடுப்புகள் எரியும். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின் சில குடும்பங்கள் வீட்டுத் திட்டங்களுக்குச் சிதறிப்போயின எனினும், வழக்கம் மாறவில்லை. புக்ககத்தில் வாய் திறக்க அஞ்சும் மருமகளின் நிலை நம் பெண்களுக்கு இல்லை. சுற்றம் சூழ இருந்தும் சொல் இல்லை என்பதே நம் வறுமை.

நாணம் மார்க்கத்தின் பாற்பட்டது என்பார் ஒரு செய்தியை மறக்கலாகாது. பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் என்னும் பெண்மணி தமக்கு நில்லாது ஒழுகும் உதிரத்தைப் பற்றி நபிகள் நாயகத்திடமே நேரிற் கேட்டு விளக்கம் பெற்றார். ஹைளு எது, இஸ்திஹாளா எது என்று பகுத்த ஷாபிஈ சட்ட நூல்கள், நாளையும் நேரத்தையும் எண்ணி வரையறுத்துள்ளன. தொழுகைக்காகவும், விட்ட நோன்பை மீட்பதற்காகவும் நம் பெண்கள் அந்நாட்களைத் தவறாது எண்ணி வருகின்றனர். வைத்தியர் கேட்கும் முதற்கேள்வியும் அந்தக் கணக்கைப் பற்றியதே! அக்கணக்கின் அருகில் வலித்த நாள், வலித்த இடம், விழுங்கிய மாத்திரை என மூன்றையும் குறித்துக்கொண்டு போகும் பெண்ணிடம், ‘எல்லாருக்கும் உள்ளதுதானே’ என்று சொல்லியனுப்புவது எந்த வைத்தியருக்கும் எளிதன்று. தனியே போகவும் வேண்டாம். ராத்தா உடன் செல்லட்டும். கணவரும் செல்லட்டும், வாயிலோடு நின்றுவிடாமல் உள்ளேயும் செல்லட்டும். வீடு தேடி வரும் மருத்துவமாதுவிடம் குழந்தையின் நிறையைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிடுகிறோமே, இதனையும் அவரிடம் கேட்கலாம்.

இனி, பண்டிதர் கடன் ஒன்று எஞ்சுகிறது. இந்நோய்க்கு வாயில் நிற்கக்கூடிய தமிழ்ச்சொல் வேண்டும். ‘புறப்படல நோய்’ எனலாமா என்று எண்ணுகிறேன். உள்ளிருக்க வேண்டிய படலம் புறத்தே வளர்தலின் அப்பெயர். தறியருகே இருக்கும் மருதமுனைப் பெண்கள் தமக்குள் இதனினும் நல்லதொரு குழூஉக்குறியை வழங்கத் தொடங்குவாராயின், என் சொல்லை மகிழ்ந்து கைவிடுவேன்.