‘விலைக்கு நல்லது’ என்பது மதிப்பீடு அன்று

மலிவான இறக்குமதி மடக்குக் கத்திகளைப் பற்றி எழுதுவோர் இரண்டு அணியினர். ஓர் அணிக்கு ‘சீனாவில் செய்யப்பட்டது’ என்னும் முத்திரையைப் படித்த கணத்திலேயே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. கத்தியைத் திறந்து பார்க்கும் தேவைகூட இல்லை. மற்ற அணி அதே கத்தியை வாங்கி, பெட்டியைப் பிரித்து, ஒரு தாளைக் கீறிப் பார்த்து, ‘விலைக்கு மிக நல்லது’ என்று எழுதி முடித்துக்கொள்கிறது. பகைவர்போலத் தோன்றும் இவ்விரு அணியினரும் செய்வது ஒரே தவறு என்பதே என் வாதம். முதலவர் ஊரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். இரண்டாமவர் விலையைப் பார்த்துச் சொல்கிறார். கத்தியைப் பார்ப்பவர் எவருமில்லை.

மொழியியல் ஆய்வில் இருப்பவருக்குக் கத்தியோடு என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். இச்சண்டையில் பாதி சொற்பொருள் பற்றியது என்பதால் வேலை இருக்கிறது.

நான் பேசுவது சட்டைப்பையில் அடங்கும் மரபுவழி மடக்குக் கத்தியைப் பற்றி. அதில் பூட்டு கிடையாது. அலகின் அடிப்பகுதியை ஒரு முதுகு வில் இடைவிடாது அழுத்திக்கொண்டிருக்கும். அவ்வழுத்தமே அலகைத் திறந்த நிலையிலும் மடங்கிய நிலையிலும் நிறுத்துகிறது. அமெரிக்காவில் இவற்றைச் சேகரிப்போர் ஏராளம். டிராப்பர், ஸ்டாக்மேன், பார்லோ, கனூ என வடிவந்தோறும் ஒரு பெயர். டென்னசி மாநிலத்துச் செவியர்வில்லில் உள்ள ஒரு பெரிய கத்திக் கடை, சீனாவில் செய்வித்து ரஃப் ரைடர் என்ற பெயரில் விற்பவை இவ்வகையின் அறியப்பட்ட எடுத்துக்காட்டு. 440ஏ என்னும் துருவேறா எஃகு, சாயமேற்றிய எலும்புப் பிடி. பெரும்பாலானவற்றின் விலை 10 முதல் 20 டாலர். இதே வடிவத்தைப் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் கேஸ் நிறுவனம் செய்தால் விலை பல மடங்கு. சண்டை இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

முதலில் அந்தத் தொடரை எடுத்துக்கொள்வோம். ‘நல்ல’, ‘உயரமான’, ‘பெரிய’ போன்ற அடைகள் தாமாக நின்று முழுப்பொருள் தருவதில்லை. பின்னால் ஓர் ஒப்பீட்டு வகுப்பு வேண்டும். உயரமான குழந்தை உயரமான பனையைவிடக் குட்டை என்பதில் எவருக்கும் குழப்பமில்லை, ஏனெனில் வகுப்புகள் வேறு என்பதை நாம் சொல்லாமலே அறிவோம். ‘விலைக்கு நல்லது’ என்னும்போது வகுப்பு, இவ்விலையில் கிடைக்கும் பிற கத்திகள். சொல்பவர் அவற்றுள் எத்தனையைக் கையில் எடுத்துப் பார்த்தார்? பெரும்பாலும் ஒன்றுகூட இல்லை. அவர் ஒப்பிடுவது தம் எதிர்பார்ப்போடு. குப்பை வரும் என்று நினைத்திருந்தார், குப்பை வரவில்லை, மகிழ்ந்தார். அது அவர் மனநிலையைப் பற்றிய செய்தி. கத்தியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

இன்னொரு கேடும் உண்டு. அத்தொடரைப் பொய்ப்பிக்க இயலாது. அலகு ஆடினால் ‘இந்த விலைக்கு வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்’, ஆடாவிட்டால் ‘இந்த விலைக்கு அற்புதம்’. நான்காம் வேற்றுமை உருபு ஒன்று அளவுகோலைத் தேவைக்கேற்ப ஏற்றியும் இறக்கியும் தருகிறது. ஆய்வேட்டின் ஓர் இயலைத் திருப்பித் தந்து ‘பரவாயில்லை’ என்று மட்டும் சொல்லும் நெறியாளரிடம் பணிபுரிந்தவர்களுக்கு இந்த உத்தி பழக்கமானதுதான்.

இனி ஊரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோர். இவர்கள் தம்மை வரலாற்றுணர்வு உள்ளவர்களாகக் கருதுகிறார்கள். ஆனால் வரலாறு இவர்கள் பக்கம் இல்லை. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு நடுவராகச் சென்ற ஜெர்மானியப் பொறியியலாளர் ஃபிரான்ஸ் ருலோ, தம் நாட்டுப் பொருள்கள் மலிவும் மட்டமுமானவை என்று பெர்லின் நாளிதழுக்கு எழுதி ஊரைக் கொந்தளிக்க வைத்தார். அந்நாளில் ஜெர்மனி என்ற சொல்லுக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். ஜெர்மானியக் கத்திகள் ஷெஃபீல்டின் பெயரைத் தாங்கி வருகின்றன என்று ஆங்கிலேயக் கத்தித் தொழிலார் முறையிட்டனர். 1887இல் பிரிட்டன் சரக்கு முத்திரைச் சட்டத்தை இயற்றி, ‘ஜெர்மனியில் செய்யப்பட்டது’ என்ற முத்திரையை எச்சரிக்கையாகக் குத்த வைத்தது. சில பத்தாண்டுகளில் அதே மூன்று சொற்கள் நற்சான்றாக மாறின. 1938இல் சோலிங்கன் என்ற ஊர்ப்பெயருக்கே சட்டப் பாதுகாப்புத் தர வேண்டிய நிலை வந்தது. முத்திரை மாறவில்லை, குறித்தது மாறிற்று. இன்று குவாங்டொங் மாகாணத்து யாங்ஜியாங் நகரைப் பற்றிச் சொல்லப்படும் ஒவ்வொரு வசையும் ஒரு காலத்தில் சோலிங்கனைப் பற்றிச் சொல்லப்பட்டதுதான்.

‘அமெரிக்க மரபைச் சீனர் திருடுகிறார்கள்’ என்ற புலம்பலும் இதே தரம். பார்லோ ஷெஃபீல்டில் பிறந்த பெயர். மலிவுக் கத்தியாகக் கடல் கடந்து அமெரிக்காவுக்கு வந்தது. நியூயார்க் மாநிலத்து வால்டனில் கத்தித் தொழிலை வளர்த்தவர்கள் ஷெஃபீல்டிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளர்கள். அமெரிக்க உற்பத்தி தழைத்ததற்கு 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம் வெளிநாட்டுக் கத்திகள்மீது ஏற்றிய கடும் வரியும் ஒரு காரணம். அதே சட்டம்தான் இறக்குமதிப் பொருள்மீது செய்த நாட்டின் பெயரைப் பொறிக்கவும் கட்டாயப்படுத்தியது. இன்று தரத்தின் அடையாளமாகப் படிக்கப்படும் அந்த எழுத்துகள் அங்கே நுழைந்தது சுங்க அரசியலின் வழியாக.

ருலோ எழுதிய அதே 1876இல் வெளிவந்த ‘டாம் சாயர்’ நாவலில் மார்க் ட்வெய்ன் இவர்களை எல்லாம் முன்கூட்டியே கேலி செய்துவிட்டார். டாமுக்குப் பன்னிரண்டரை சென்ட் மதிப்புள்ள ஒரு பார்லோ கத்தி பரிசாகக் கிடைக்கிறது. அது எதையும் வெட்டாது. ஆனால் அசல் பார்லோ என்பதால் பையனுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தகைய ஆயுதத்தைப் போலி செய்து இதைவிட மோசமாக்க முடியும் என்ற எண்ணம் பையன்களுக்கு எங்கிருந்து வந்ததோ என்று வியக்கிறார் ஆசிரியர்.

பெயர் எதையும் உறுதி செய்யாது என்பதற்கு லாகியோல் இன்னொரு சான்று. பிரான்சின் அவேரோன் பகுதிக் கிராமம் அது. அப்பெயர் தாங்கிய கத்திகளில் மிகப்பெரும் பகுதி நெடுங்காலம் வேறு மாவட்டத்துத் தியேர் நகரில்தான் செய்யப்பட்டது. கிராமத்தில் பட்டறை மறுபடி உயிர்பெற்றது 1980களில். பெயர் வடிவத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டதால், சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்தவையும் அதே பெயரோடும் வில்மீது அதே தேனீயோடும் சந்தைக்கு வருகின்றன. இடப்பெயர் பொதுப்பெயராகும் சொற்பொருள் மாற்றத்தை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மடங்கிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முதுகு வில்லுக்கும் உட்தகட்டுக்கும் இடையே ஒளி கசிந்தால் பொருத்தம் சரியில்லை. நாளை ஈரமும் அழுக்கும் அவ்வழியே நுழையும். பிறகு முதுகை விரலால் வருடுங்கள். மடங்கியபோதும் முழுதும் திறந்தபோதும், பாதியில் நிற்கும் அமைப்புள்ள கத்தியென்றால் அந்நிலையிலும், வில் தகட்டோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இது எளிதன்று. அலகின் அடிப்பகுதி முகங்கள் ஒவ்வொன்றும் சுழலாணியிலிருந்து சரியான தொலைவில் அமைந்தால்தான் அம்மட்டம் கிட்டும். ஒரு மயிரிழை பிசகினாலும் விரல் கண்டுபிடித்துவிடும். திறந்த அலகைப் பக்கவாட்டிலும் மேலுங்கீழுமாகவும் அசைத்துப் பாருங்கள். மடக்கிய பின் முனை பிடிக்கு வெளியே தலைகாட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் பைக்குள் கைவிடும்போது விரல் அறியும். பல அலகுகள் உள்ள கத்தியில் ஒன்றோடொன்று உரசிய கீறல் இருக்கிறதா? வாயின் இரு சரிவும் அடியிலிருந்து முனைவரை ஒரே அகலமா, அல்லது அடியில் தீட்டப்படாத மொட்டைப் பகுதி எஞ்சியிருக்கிறதா?

கடைசியாக ஓசை. அலகு வழுக்கிச் சென்று ‘டக்’கென்று அமர்வதைச் சேகரிப்பாளர்கள் கத்தியின் நடையும் பேச்சும் என்பார்கள். கத்தி பேசுகிறது என்ற இவ்வுருவகத்துக்கு மொழியியலாளர் முகஞ்சுளிக்கலாம். ஆனால் வில்லின் இழுவிசையைப் பற்றி அது சொல்வது உண்மை.

இவையனைத்துக்கும் ஐந்து நிமிடம் போதும். தாளைக் கீறிக் காட்டும் சடங்கு இப்பட்டியலில் இல்லை. புதிதாகத் தீட்டினால் மென்மையான எஃகும் தாளைக் கீறும். அச்சோதனை காட்டுவதெல்லாம் தொழிற்சாலையில் கடைசியாகத் தீட்டியவரின் கைத்திறனை மட்டுமே. எஃகைப் பற்றி அறிய வேண்டுமானால் அந்தக் கூர் மழுங்கும்வரை அட்டைப்பெட்டியும் கயிறும் வெட்டி, சாணைக்கல்லில் நீங்களே தீட்டி, மறுபடி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

எஃகின் பெயரை ஓதுவோரும் இங்கே தப்ப முடியாது. 440ஏ எஃகில் கரி 0.60 முதல் 0.75 விழுக்காடு. பக் நிறுவனம் பயன்படுத்தும் 420எச்சி எஃகில் அதைவிடக் குறைவு, ஏறத்தாழ 0.45. பெயரை மட்டும் படித்தால் பக் தோற்க வேண்டும். தோற்பதில்லை, பால் போஸ் வகுத்த வெப்பப் பத முறை அதைக் காப்பாற்றுகிறது. நல்ல எஃகைக் கெட்ட பதம் வீணாக்கும். பதத்தைக் கண்ணால் காண முடியாது, முத்திரையிலும் எழுதியிருக்காது. மலிவுக் கத்தி வாங்குவோர் உண்மையில் பந்தயம் கட்டுவது இதன்மீதுதான்.

அதனால்தான் ஒற்றைக் கத்தியை வைத்து எழுதும் மதிப்புரைகள்மீது எனக்குக் கோபம். விலை உயர்ந்த கத்தியில் நாம் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி, தேறாதவற்றைச் சோதித்துக் கழித்துப்போடும் வேலைக்கான கூலி. மலிவுக் கத்தியில் அவ்வேலை வாங்குபவர் தலையில் விழுகிறது. ஆகவே அங்கே தரம் என்பது ஒரு கத்தியின் பண்பாக இல்லாமல் பத்துக் கத்திகளிடையே உள்ள பரவலாக இருக்கிறது. ஒரே தகவலாளியிடம் ஒரு மாலை பேசிவிட்டு ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதுபவரை நாம் கருத்தரங்கில் விட்டுவைப்போமா?

எதிர்வாதங்களுள் மதிப்புக்குரியது ஒன்றே. மலிவின் காரணம் குறைந்த கூலி. எனவே அதைப் புகழ்வது சுரண்டலைப் புகழ்வது என்பது. இக்கேள்வி முக்கியமானது. ஆனால் அது நீதி பற்றிய கேள்வி. அப்படியே, அதற்குரிய சான்றுகளோடு, கேட்கப்பட வேண்டும். ‘அலகு ஆடும்’ என்ற வேடத்தில் அதை நுழைப்பது நீதிக்கும் உதவாது, அலகுக்கும் உதவாது. சிறந்த பொருத்தமுள்ள கத்தி கொடிய பட்டறையிலிருந்து வரலாம். ஷெஃபீல்டின் புகழ் உச்சத்தில் இருந்த 19ஆம் நூற்றாண்டில், அங்கே சாணை பிடித்தவர்கள் கல்தூசியைச் சுவாசித்து நுரையீரல் நோயால் நடுவயதை எட்டாமலே மடிந்தார்கள். அக்கத்திகள் நன்றாகவே வெட்டின. கூலியைப் பற்றி உண்மையில் கவலைப்படுபவர், விலை உயர்ந்த கத்தியைச் செய்தவருக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்டாக வேண்டும். அக்கேள்வியை இவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை.

எனவே மதிப்புரை எழுதும் நண்பர்களிடம் என் கோரிக்கை: எத்தனை கத்திகளைப் பார்த்தீர்கள், அவற்றில் எத்தனையில் ஒளி கசிந்தது, எத்தனையில் அலகு ஆடியது, முதல் தீட்டலுக்குப் பிறகு கூர் எத்தனை நாள் நின்றது, எதை வெட்டினீர்கள் என்று எழுதுங்கள். விலையைக் கடைசி வரியில் போடுங்கள். இப்படி எழுதப்பட்ட மதிப்புரை எந்த மொழியிலாவது ஏற்கெனவே இருந்தால் பின்னூட்டத்தில் சுட்டி தாருங்கள்.