கொக்லிக்கோவும் கசகசாவும்

நம் ஊரில் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் பலர் என் வயதுக்காரர்கள். பென்ஷன் வந்த பிறகு, பேரப்பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக நாம் கொஞ்சுவது செடிகளைத்தானே! அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் பூக்கும் என்று சொல்லி 'பாப்பி' விதை பாக்கெட்டுகளை விற்கிறார்கள். மேலே அழகான படம். 'கலந்த நிறங்கள்' என்று ஒரு வரி. எந்த பாப்பி என்பது மட்டும் பல பாக்கெட்டுகளில் இருக்காது.

பிரெஞ்சில் படித்த எங்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. வயலோரத்தில் தானாக முளைக்கும் சிவப்புப் பூ 'கொக்லிக்கோ'. ஓவியர் மொனே 1873இல் வரைந்தது அதைத்தான். அபின் தரும் செடியை 'பவோ' என்போம். ஆங்கிலம் இரண்டையும் 'பாப்பி' என்றது. நாமும் அப்படியே வாங்கிக்கொண்டோம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 'பப்பாவர் சோம்னிஃபெரம்' என்ற இனத்தைப் பெயர் சொல்லியே அபின் செடி என்கிறது. 8ஆம் பிரிவு அதைப் பயிரிடத் தடை விதிக்கிறது. வயலா, வீட்டுத் தொட்டியா என்ற பேதம் அதில் இல்லை. மருத்துவத்துக்காக மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அறிவித்த பகுதிகளில் உரிமம் தருகிறார்கள். அழகுக்காக வளர்ப்பவருக்கு உரிமமே கிடையாது. தண்டனை 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வேடிக்கையைக் கேளுங்கள். நம் வீட்டுக் குருமாவில் அரைத்து விடும் கசகசா இதே செடியின் விதைதான். மளிகைக் கடையில் வாங்கலாம், அரைக்கலாம், தின்னலாம். தொட்டியில் தூவினால் குற்றம்! தோட்டக்கலையில் 'பியோனி பாப்பி' என்று கொண்டாடும் அடுக்குப் பூவும் இதே இனம்தான்.

"சட்டம் தெரியாது என்பது சாக்காகாது" என்று யாராவது உடனே சொல்வார். முப்பது வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு அது தெரியாதா? ஆனால் சட்டம் தெரியாமை வேறு, பொருள் தெரியாமை வேறு. அபின் செடி கூடாது என்று தெரிந்தவரே, கையில் இருப்பது அபின் செடி என்று அறியாமல் விதைக்கலாம். அவரை 35ஆம் பிரிவு என்ன செய்கிறது? தெரிந்தே செய்தார் என்று முதலில் அனுமானித்துக்கொள்கிறது. தெரியாது என்பதை அவர்தான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். எழுபது வயதில் அதற்கு எத்தனை வாய்தா நடப்பது?

"விலக்கு கொடுத்தால் கள்ளப் பயிர்க்காரனும் தோட்டம் என்பானே?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அபின் எடுப்பவன் பச்சைக் காயைக் கீறிப் பால் வடிப்பான். கீறல் தழும்பு காயிலேயே நிற்கும். கீறாத காயோடு நாலு செடி நிற்கும் தொட்டியையும், ஏக்கர் கணக்கில் விதைத்த நிலத்தையும் ஓர் அதிகாரியால் பிரித்தறிய முடியாதா?

நான் கேட்பது இரண்டுதான். விதை பாக்கெட்டில் தாவரவியல் பெயரை அச்சிடுவது கட்டாயமாக வேண்டும். தவறினால் விற்றவன் பதில் சொல்லட்டும். வீட்டுத் தொட்டியில் கீறாத சில செடிகள் இருந்தால், முதல் முறை பிடுங்கி அழித்து எச்சரிக்கையோடு விடும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். போதை வியாபாரிக்கு இதில் எள்ளளவும் சலுகை இல்லை.

அதுவரை நாமே கண்ணை வைத்துக்கொள்வோம். கொக்லிக்கோவின் தண்டில் மயிர் இருக்கும், இலை பிளவுபட்டிருக்கும், காய் சிறியது. அபின் செடியின் இலை சாம்பல் பூத்த பச்சை, தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும், காய் உருண்டு பெருத்திருக்கும். பெயரில்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள். சாமந்தி இருக்கிறது, டேலியா இருக்கிறது. அவற்றைக் கேட்டு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.